சர்க்கரை உருண்டையும் படர்தாமரையும்



சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "பெயர் போட்டுவிடாதீர்கள் அக்கா, மாமனார்கூடப் பத்திரிகை படிப்பார்" என்று முதல் வரியிலேயே வேண்டுகோள். இடுப்பைச் சுற்றி ஒரு வருஷமாக அரிப்பு. வட்டம் வட்டமாகப் படர்கிறது. மருந்துக் கடையில் வாங்கிப் போட்டதில் இது ஆறாவது டியூப். போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் மறுபடி கிளம்புகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஹோமியோபதி உருண்டை வாங்கிக் கொடுத்து, "இங்கிலீஷ் மருந்தை அடியோடு நிறுத்து, அது வியாதியை உள்ளே தள்ளிவிடும்" என்கிறாராம். கைக்குழந்தைக்கு நாலு மாதம், தாய்ப்பால்தான். "எதை நிறுத்துவது, எதைச் சாப்பிடுவது?" என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஏனென்றால் ஆறாவது டியூப் வரைக்கும் இது அப்படியே எங்கள் வீட்டுக் கதை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்துவிட்டு எல்லாச் சாமான்களையும் பரண் மேல் ஏற்றப் பழகியிருந்தோம், ஆனால் மனுஷர்களைப் பரணில் ஏற்ற முடியுமா? என் வீட்டுக்காரர் மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் பாலுக்கும் குடிதண்ணீருக்கும் அலைந்தார். ஈரப் பேண்ட், ஈரப் பனியன். துவைத்த துணி காயவும் இல்லை. பத்தாம் நாள் தொடை இடுக்கில் அரிப்பு என்றார். அவர் சொன்னதுகூட அபூர்வம்தான். ஆண்கள் இதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கூச்சத்தோடு காதோடு காதாகக் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தார். சீட்டும் இல்லை, டாக்டரும் இல்லை. போட்ட மறுநாளே அரிப்பு நின்றது. "பார்த்தியா, கைகண்ட மருந்து!" என்று பெருமை வேறு.

பொங்கலுக்குள் மறுபடி வந்தது. இன்னொரு டியூப். மாசி மாதத்தில் எனக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில். நானும் அதே டியூப்பைத்தான் போட்டுக்கொண்டேன். சித்திரையில் நாத்தனார் எட்டு மாதக் குழந்தையுடன் ஒரு வாரம் வந்து தங்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டி, கைக்குக் கிடைத்த துண்டில் துடைத்திருக்கிறேன். அது அவர் துண்டு. ஊருக்குப் போன இருபது நாளில் போன்: "அண்ணி, பாப்பா கன்னத்துல காசு மாதிரி வட்டமா வந்திருக்கு. உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா? இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூச்சத்தால் மறைத்தது பச்சைக் குழந்தையின் முகத்தில் வந்து நின்றுவிட்டது.

என் மாமியாருக்கு ஹோமியோபதியில் அசைக்க முடியாத நம்பிக்கை. என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் அலமாரியில் வெள்ளை உருண்டைக் குப்பிகள் வரிசையாக நிற்கும். கற்பூரம் பக்கத்தில் வைக்கக் கூடாது, கையால் தொடக் கூடாது, மூடியில் கொட்டி அப்படியே நாக்கில் போட வேண்டும் என்று ஆசாரமெல்லாம் உண்டு. "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு டோஸ்ல போயிருக்குமே" என்று எங்கள் இருவரையும் தனக்கு வழக்கமான ஹோமியோபதி டாக்டரிடம் இழுத்துப் போனார்.

அங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். முறையாகப் பி.எச்.எம்.எஸ். படித்த சின்ன வயது டாக்டரம்மா. உருண்டை எடுக்கும் முன்னால், "இது வரைக்கும் என்ன போட்டீங்க? டியூப்பைக் காட்டுங்க" என்றார். கைப்பையிலிருந்து நசுங்கின டியூப்பை எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதில் மூணு மருந்து சேர்ந்திருக்கு. ஒண்ணு பூஞ்சைக்கு, ஒண்ணு பாக்டீரியாவுக்கு, மூணாவது ஸ்டீராய்டு. அந்த மூணாவதுதான் அரிப்பை நிறுத்துது. ஆனா தோலோட எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துத் தூங்க வைக்குது. காவல்காரன் தூங்கினா திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? நீங்க முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க. அவர் குடுக்கிற மருந்தை முழுசா சாப்பிடுங்க. என் மருந்து வேணும்னா கூடவே சாப்பிடுங்க, அதுக்குப் பதிலா இல்லை."

மாமியாருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை வந்தது. தன்னிடம் வந்த நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்புவதற்கு ஒரு மனசு வேண்டும்.

இந்த டியூப் சமாசாரத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோயைவிட இதுதான் பெரிய வியாதி. உங்கள் வீட்டு டியூப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. சில தோல் நோய்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான். படர்தாமரைக்கு மேல் போட்டால் சிவப்பும் அரிப்பும் மறையும், பூஞ்சை மட்டும் அடியில் வளரும். வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாமல் உருமாறிவிடும். தொடை இடுக்கு மாதிரி மெல்லிய தோலில் மாதக்கணக்கில் போட்டால் பிரசவத் தழும்பு போல் கோடு கோடாக விழும். அது பிறகு போகவே போகாது. என் வீட்டுக்காரருக்கு இன்றும் இருக்கிறது. இந்த மாதிரிக் களிம்புகளின் துஷ்பிரயோகத்தை எதிர்த்து நம் நாட்டுத் தோல் டாக்டர்களின் சங்கமே ஒரு தனிக் குழு அமைத்துக் குரல் கொடுத்தது. 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையும் இருக்கிறது, கூச்சப்படுகிற நாமும் இருக்கிறோம்!

பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லையாம். என் சிறுவயதில் படர்தாமரை என்றால் அம்மா சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவாள், வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெள்ளைக் களிம்பு கொடுப்பார்கள், எரியும், தோல் உரியும், போய்விடும். இப்போது நம் தேசத்தில் பரவியிருக்கிற ரகம் சாதாரண மருந்துக்கு மசிவதில்லை. 2020ல் ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் ஓர் இந்திய நோயாளியிடமும் ஒரு நேபாள நோயாளியிடமும் எடுத்த பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டன் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டெர்பினாஃபின் என்கிற பேர்பெற்ற மாத்திரைக்கே இது பல சமயம் அடங்குவதில்லை. 2023ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதைக் கண்டுபிடித்து அமெரிக்காவில் செய்தியாக்கினார்கள். அதில் ஒருவர் வெளிநாட்டுப் பயணமே போகாதவர்! ஆகையால் "படர்தாமரைதானே" என்று அலட்சியம் வேண்டாம்.

சரி, கதைக்கு வருகிறேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பெரியாஸ்பத்திரி. தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். வட்டத்தின் ஓரத்திலிருந்து பிளேடால் லேசாகச் சுரண்டி, பொடியைக் கண்ணாடியில் வைத்து, ஒரு சொட்டுக் கார மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். வலியே இல்லை. பூஞ்சை நூல் நூலாகத் தெரிகிறது என்றார்கள். அவருக்கு இட்ராகொனசோல் காப்ஸ்யூலும் களிம்பும், எனக்கும் அதேதான். சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும், வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிடுகிற மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, இதய நோய் உண்டா, கொலஸ்டிராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். இவற்றைக் கேட்காமல் கொடுக்கிற இடத்தில் நீங்களாகச் சொல்லிவிட வேண்டும்.

களிம்பு போடுவதிலும் ஒரு முறை உண்டு. நாமெல்லாம் சிவப்பு இருக்கிற இடத்தில் மட்டும்தானே தடவுகிறோம்? பூஞ்சை ஓரத்தில்தான் முன்னேறும். ஆகவே வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல தோலிலும் தடவ வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். தோல் சுத்தமாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.

இனிதான் எங்கள் வீட்டு நாடகம்.

பழைய டியூப்பை நிறுத்தின ஐந்தாம் நாள் அரிப்பும் சிவப்பும் முன்னைவிட இரண்டு மடங்காகக் கிளம்பின. ஸ்டீராய்டை நிறுத்தினால் முதலில் இப்படித்தான் சீறும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியே அனுப்பியிருந்தார். ஆனால் மாமியாருக்கோ சந்தோஷம். "பார்த்தியா, உருண்டை வேலை செய்யுது! முதல்ல கூடும், அப்புறம்தான் குறையும். ஹோமியோபதியில அப்படித்தான்" என்றார். மூன்றாம் வாரம் அரிப்பு நின்றது. "உருண்டை கேட்டுடுச்சு. அந்தக் காப்ஸ்யூல் ஈரலைக் கெடுக்கும்டா, நிறுத்து" என்று மகனுக்கு உபதேசம். எனக்குத் தெரியாமல் அவரும் நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் அதே இடத்தில் மறுபடி வட்டம்.

என் பொறுமை போய்விட்டது. "அத்தை, உருண்டை கேட்டிருந்தா இப்போ ஏன் திரும்ப வரணும்? உருண்டையைத்தான் அவர் நிறுத்தவே இல்லையே!" என்று கேட்டுவிட்டேன். இருபது வருஷத்தில் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பதில் பேசவில்லை. இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பி டம்ளரோடு அந்தக் காப்ஸ்யூலையும் எடுத்து மகன் முன்னால் வைத்தார். "சாப்பிட்ட பிறகு முழுங்கு. குழந்தை முகத்துக்கு வந்தது போதும்" என்றார். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் தப்பவிடவில்லை. உருண்டைக்கு நேரம் பார்க்கிற கண்டிப்பு எல்லாம் காப்ஸ்யூலுக்கு வந்துவிட்டது. எனக்கு ஆறு வாரம், அவருக்கு மொத்தம் பத்து வாரம். குழந்தைக்கு அவர்கள் ஊர் டாக்டர் வெறும் களிம்பு கொடுத்தே சரியாகிவிட்டது, நல்ல வேளையாக யாரும் எங்கள் டியூப்பை அதற்குப் போடவில்லை. குழந்தைத் தோல் மெல்லிசு, ஸ்டீராய்டு சுலபமாக உள்ளே இறங்கிவிடும்.

அப்படியானால் உருண்டையால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்பீர்கள். என் புத்திக்கு எட்டினதைச் சொல்கிறேன்.

ஹானிமன் என்கிற ஜெர்மானிய டாக்டர் 1796ல் தொடங்கி வைத்த முறை இது. அந்தக் காலத்தில் ரத்தத்தை வடிய விடுவதும் பாதரசம் கொடுப்பதும்தான் வைத்தியம். அதைவிட இவர் முறை சாதுவானது, யாரையும் கொல்லவில்லை. தோல் அரிப்பைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய சித்தாந்தமே உண்டு. 1828ல் வெளியான புத்தகத்தில், உள்ளே இருக்கும் ஒரு மூல தோஷம்தான் தோலில் வெடிக்கிறது, மேலுக்குக் களிம்பு போட்டு அடக்கினால் உள்ளே போய்விடும் என்று எழுதினார். சேலையூர்ச் சகோதரியின் பக்கத்து வீட்டம்மாள் சொன்னது அங்கிருந்துதான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஹானிமன் தம் கடைசிக் காலத்தைப் பாரிஸில் கழித்தார். அதே பாரிஸில், அவர் உயிரோடு இருக்கும்போதே 1841ல், க்ரூபி என்கிற டாக்டர் தலைப் புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று காட்டிவிட்டார். உள் தோஷம் இல்லை, வெளியிலிருந்து வந்து நம் தோலின் செத்த மேல் அடுக்கைத் தின்று வாழ்கிற ஜீவன். அதை மேலிருந்து களிம்பால் கொன்றால் உள்ளே போக அதற்கு வழியில்லை.

'முப்பது' என்று போட்டிருக்கிற உருண்டையின் கணக்கையும் சமையலறை பாஷையில் சொல்கிறேன். ஒரு சொட்டுப் புளிக்கரைசலை 99 சொட்டுத் தண்ணீரில் கலந்து குலுக்குங்கள். அதில் ஒரு சொட்டெடுத்து மறுபடி 99 சொட்டில். இப்படி முப்பது தடவை. பன்னிரண்டாம் தடவையைத் தாண்டும்போதே அதில் புளியின் ஓர் அணுத்துகள்கூட மிஞ்சாது என்று என் மகள் காலேஜ் கணக்குப் போட்டுக் காட்டினாள். படர்தாமரைக்குக் கொடுக்கிற பாசிலினம் என்கிற உருண்டைக்கு மூலப்பொருள் காசநோய் கண்ட நுரையீரல்! 1928லிருந்து காசநோய் ஆஸ்பத்திரியால் பேர் வாங்கின எங்கள் சானடோரியத்துக்குப் பக்கத்திலிருந்துகொண்டு அதை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. நல்ல வேளையாக அதுவும் ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு நீர்த்தது. மாமியாரிடம் இந்த விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். 2015ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அரிப்பு தாங்காத ராத்திரிகளில் நான் அந்தப் பழைய டியூப்பைத் தேடி எழுந்ததுண்டு. அப்போது மாமியார் நாலு உருண்டையை நாக்கில் போட்டுவிட்டுப் பனை விசிறியால் விசிறுவார். ஹோமியோபதி டாக்டரம்மா பதினைந்து நாளுக்கு ஒரு முறை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசுவார், காப்ஸ்யூல் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பார். பூஞ்சையைக் கொன்றது காப்ஸ்யூல். டியூப்பிடம் திரும்பிப் போகாமல் என்னைப் பிடித்து வைத்ததில் இவர்களுக்கும் பங்கு உண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு நம்பிக்கை இருந்தால், கூடவே சாப்பிடுவதில் சண்டை வேண்டாம். படித்த டாக்டராக இருக்கட்டும், லேபிள் ஒட்டின குப்பியாக இருக்கட்டும், தோல் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். பெயரெழுதாத பொட்டலத் தூள் வேண்டவே வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? தாய்த் திராவகம் என்று கொடுப்பதைப் புண்ணான தோலில் தடவாதீர்கள், சாராயச் சத்து, எரித்துவிடும். "அந்த மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மறுபடி மிதிக்காதீர்கள்.

இனி வீட்டுப் பக்குவம். மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருவதற்குப் பாதிக் காரணம் துணிதான். எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அழுக்கும் போகாது. நோய் கண்டவர் துணியைத் தனியாக, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் ஊறப்போட்டு அலசினேன். வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டேன். மழை நாளில் இஸ்திரிப் பெட்டியால் தையல் ஓரங்களைச் சுடச்சுடத் தேய்த்தேன். துண்டு ஆளுக்கொன்று, கொடியும் வேறு.

இரண்டாவது, கயிறு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அரைஞாண் கயிறு, மந்திரித்த கறுப்புக் கயிறு எல்லாம் வியர்வையில் ஊறி ஈரமாகவே கிடக்கும், பூஞ்சைக்கு அதுவே வீடு. டாக்டர் கழற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் தயங்கினார். மாமியாரே கத்தரிக்கோலை எடுத்து வந்து, "சாமி கோவிச்சுக்காது, வெள்ளி அரைஞாண் வாங்கிக்கலாம்" என்று வெட்டிவிட்டார். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாமல், வீட்டிலிருக்கும் நேரம் தளர்வான பருத்தி நைட்டி போட்டுக்கொண்டேன். குளித்ததும் இடுக்குகளை ஒற்றி ஒற்றித் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே துணி. பையன் பள்ளிக்கூட ஷூவுக்கு ஸாக்ஸ் மூன்று ஜோடியாக்கினேன், விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் இதே குடும்பம்தான்.

மூன்றாவது, வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் காட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியாக மாமியாரையும் அழைத்துப் போனேன். "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் வந்தார். மார்புக்கு அடியில் செக்கச்செவேலென்று வெந்து கிடந்தது. டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை ஏகமாக ஏறியிருந்தது. எத்தனை வருஷமாகவோ, யாருக்குத் தெரியும்? இப்போது அதற்கும் மாத்திரை ஓடுகிறது. படர்தாமரை வராமலிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

சேலையூர்ச் சகோதரிக்கு: அந்த ஆறாவது டியூப்பை இன்றே குப்பையில் போடுங்கள். இரண்டு வாரம் சீறும், பயப்படாதீர்கள். தோல் டாக்டரிடம் போகும்போது காலி டியூப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். பால் கொடுக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். களிம்பு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். களிம்பு போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். குழந்தைக்குத் துண்டு, விரிப்பு, போர்வை எல்லாம் தனியாக இருக்கட்டும். பக்கத்து வீட்டம்மாள் உருண்டையைச் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். நம்பாதீர்கள்.